சோகப் பாட்டு கேட்டால் மனசு கனக்குமா, லேசாகுமா?

அப்பா இறந்து, காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். அம்மா சமையலறையில் ஒரு பழைய மெதுவான பாட்டை, பாதி வார்த்தை மறந்துபோய், முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். எனக்குக் கேட்கவே தாங்காது. அம்மாவைத் தேற்றுவதாக நினைத்து, ஹாலில் நல்ல துள்ளலான பாட்டாகப் பார்த்துப் போட்டுவிடுவேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தவர் மூன்றாம் நாள் வந்து, "அதை நிறுத்துப்பா, மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

நான் மட்டும் என்ன செய்தேன்? அதே வாரம் ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குத் திரும்பும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அப்பாவுக்குப் பிடித்த ஒரு சோகப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். திண்டிவனம் வருவதற்குள் நன்றாக அழுது தீர்த்துவிட்டு, கொஞ்சம் லேசாகி, தூங்கியும் போனேன். ஆனால் மூன்று மாதம் கழித்தும் அதே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அப்போது அழுகையும் வரவில்லை, லேசாகவும் ஆகவில்லை. பாட்டு முடிந்ததும் "ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் முன்னாடியே கூட்டிப் போயிருந்தால்" என்ற ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வரும், அவ்வளவுதான்.

துள்ளல் பாட்டு அம்மாவை ஏன் குத்தியது, சோகப் பாட்டு என்னை ஏன் முதலில் தேற்றியது, அதே பாட்டு அப்புறம் ஏன் அமுக்கியது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடி நிறைய படித்தேன். இசை இலக்கணமோ உளவியலோ தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பாட்டில் இருப்பது ஒன்று, நமக்குள் வருவது ஒன்று

முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும், இது பிரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு பாட்டைக் கேட்டு "இது சோகமான பாட்டு" என்று கண்டுகொள்வது வேறு, அதைக் கேட்டு நாம் சோகப்படுவது வேறு. தெருவில் கல்யாண ஊர்வலம் போகிறது, பேண்டு வாத்தியம் சந்தோஷமாக வாசிக்கிறது என்று நமக்கு நன்றாகவே தெரிகிறது, ஆனால் வேலை போன கவலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சந்தோஷம் ஒரு துளியும் உள்ளே இறங்காது. ஆராய்ச்சியாளர்கள் இதனால்தான் கேட்பவரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள்: இந்த இசை எந்த உணர்ச்சியைச் சொல்கிறது? உங்களுக்கு என்ன தோன்றியது? ஜப்பானில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படித்தான் கேட்டார்கள். சோக இசையைக் கேட்டவர்கள் அந்த இசையில் இவ்வளவு சோகம் இருக்கிறது என்று சொன்ன அளவுக்குத் தாங்கள் சோகப்படவில்லை, கூடவே இதமான ஏதோ ஒன்றும் தங்களுக்குத் தோன்றியதாகச் சொன்னார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. உணர்ச்சி என்பது நிமிடக் கணக்கு, மனநிலை என்பது மணிக் கணக்கு, சில சமயம் நாள் கணக்கு. சரணத்தில் குரல் உடையும் இடத்தில் நமக்குத் தொண்டை அடைக்கிறதே, அது உணர்ச்சி. காலையில் கேட்ட பாட்டின் சாயல் மதியம் வரை முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மனநிலை. பாட்டு நேரடியாகக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் முதலாவதைத்தான். அது இரண்டாவதாகத் தங்குமா, வந்த வழியே போய்விடுமா என்பதில் பாட்டுக்குப் பாதிப் பங்கு என்றால், கேட்கிற நமக்கு மீதிப் பங்கு.

அழும் குரலும் அழும் ராகமும்

சரி, ஒரு பாட்டு சோகமானது என்று எப்படிக் கண்டுகொள்கிறோம்? வார்த்தை புரியாத மொழியில் பாடினாலும் தெரிகிறதே.

துக்கத்தில் இருக்கும் ஒருவர் பேசுவதை நினைத்துப் பாருங்கள். மெதுவாகப் பேசுவார், குரல் தாழ்ந்திருக்கும், ஏற்ற இறக்கம் அதிகம் இருக்காது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விழும். பரீட்சையில் பாஸான பையன் ஓடிவந்து சொல்வதோ இதற்கு நேர் எதிர், வேகம், சத்தம், குரல் எங்கெங்கோ தாவும். இசையும் இதே குறிகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. சுவீடனைச் சேர்ந்த பாட்ரிக் யூஸ்லின், பெட்ரி லௌக்கா என்ற இருவர் 2003-இல், குரலில் உணர்ச்சி வெளிப்படுவதைப் பற்றிய 104 ஆய்வுகளையும் இசையில் உணர்ச்சி வெளிப்படுவதைப் பற்றிய 41 ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வேகம், சத்தம், சுருதி எல்லாமே இரண்டிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு நம் மொழியையே எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2012-இல் ஒரு பக்கம் கர்நாடக இசையையும் தமிழ்ப் பேச்சையும், இன்னொரு பக்கம் மேற்கத்திய இசையையும் ஆங்கிலப் பேச்சையும் ஒப்பிட்டது. மகிழ்ச்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் ராகங்களில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் தாவல் பெரிதாகவும், சோகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ராகங்களில் சிறிதாகவும் இருந்தது. உற்சாகமாகப் பேசும் தமிழர் குரலிலும் தாவல் பெரிது, சோர்ந்து பேசும் குரலில் சிறிது. ஆங்கிலத்திலும் மேற்கத்திய இசையிலும் இதே கதைதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். போனில் ஏதாவது ஒரு பியானோ ஆப்பைத் திறந்து, வெள்ளைக் கட்டைகளில் சி, டி, இ, ஜி, ஏ என்ற ஐந்தை மட்டும் மேலும் கீழுமாக வாசியுங்கள். அவைதான் மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள். எந்த இரண்டு பக்கத்துச் சுரங்களுக்கு நடுவிலும் அரைப்படி (ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு கட்டைகளின் தூரம்) நெருக்கம் கிடையாது, எல்லாம் விசாலமாக நிற்கும். இப்போது 'இ'யை விட்டுவிட்டு, அதை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் கறுப்புக் கட்டையை அதன் இடத்தில் வைத்து மெதுவாக வாசியுங்கள். ச, ரி, ப, த எல்லாம் அதேதான், 'க' என்ற காந்தாரம் மட்டும் அரைப்படி இறங்கியிருக்கிறது. மோகனம் போய் சிவரஞ்சனி வந்துவிட்டது. ஒரே ஒரு சுரம்தான் மாறியது, ஆனால் வெயில் அடித்துக்கொண்டிருந்த இடத்தில் மேகம் வந்து நின்ற மாதிரி இருக்கும். மேற்கத்திய இசையில் மேஜர், மைனர் என்று சொல்கிறார்களே, அதன் அடிப்படை வித்தியாசமும் பெரிய அளவில் இந்தக் காந்தாரத்தில்தான் இருக்கிறது. அவர்களுடைய மேஜர் ஸ்கேலின் (ஸ்கேல் என்றால் சுர வரிசை) சுரங்கள் நம் சங்கராபரண ராகத்தின் சுரங்கள், இயல்பான மைனர் ஸ்கேலின் சுரங்கள் நம் நடபைரவியின் சுரங்கள்.

ஆனால் ராகத்தை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். அதே சிவரஞ்சனி சுரங்களை வேகமான தாளத்தில் ஓடவிட்டால் ஆடத்தான் தோன்றும். வேகம் பெரிய ஆள். குழந்தைகளிடம் சோதித்தபோது, ஐந்து வயதுக் குழந்தை பாட்டின் வேகத்தை வைத்து மகிழ்ச்சியா சோகமா என்று பிரித்துவிடுகிறது, மேஜர் மைனர் வித்தியாசத்தை வைத்துப் பிரிப்பது ஆறு வயதுக்கு மேல்தான் வருகிறது என்று மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2001-இல் கண்டார்கள். அதாவது வேகம் உடம்போடு வருகிறது, ஸ்கேல் பழகப் பழக வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எது உடம்போடு வருகிறது, எது பழக்கத்தால் வருகிறது என்பதற்கு இன்னும் சான்று உண்டு. கேமரூன் நாட்டு மலைப்பகுதியில் மேற்கத்திய இசையைக் கேட்டே இராத மாஃபா மக்களுக்கு அந்த இசையைப் போட்டுக் காட்டியபோது, மகிழ்ச்சி, சோகம், பயம் மூன்றையும் அவர்கள் ஓரளவு சரியாகவே அடையாளம் கண்டார்கள் (இது 2009-இல்). கனடாவில் 1999-இல் நடந்த சோதனையில், இந்துஸ்தானி ராகங்களோடு பழக்கமே இல்லாதவர்கள் மகிழ்ச்சியையும் சோகத்தையும் கோபத்தையும் பிடித்துவிட்டார்கள், அமைதியைத்தான் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஆனால் பப்புவா நியூ கினியாவில் ஒதுக்குப்புறமான கிராமங்களில் மேஜர், மைனர் வித்தியாசத்தை மட்டும் வைத்துச் சோதித்த 2022 ஆய்வில், மேற்கத்திய இசைப் பழக்கம் குறைந்த மக்களுக்கு அது மகிழ்ச்சி, இது சோகம் என்ற பாகுபாடு ஏறக்குறையத் தோன்றவே இல்லை.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. சாவு ஊர்வலத்தில் அடிக்கும் பறையின் வேகத்தைக் கேளுங்கள். வேகம் என்றால் மகிழ்ச்சி என்ற சூத்திரப்படி பார்த்தால் அது கொண்டாட்ட இசை. ஆனால் அந்த அடியைக் கேட்டு வளர்ந்தவருக்கு, மூன்று தெரு தள்ளிக் கேட்டாலே வயிற்றுக்குள் ஏதோ புரளும். அடி எங்கே, யாருக்காக விழுகிறது என்பதைக் காது கற்றுவைத்திருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது

பாட்டு மனநிலையைத் தொடும் வழிகள் பல. யூஸ்லின் இதைப் பற்றித்தான் தன் காலமெல்லாம் ஆராய்ந்திருக்கிறார், அவர் பட்டியல் நீளமானது. நான் மூன்றை மட்டும் சொல்கிறேன், அன்றாடம் நாம் உணர்வது இவற்றைத்தான்.

முதலாவது, தாளம் உடம்பை இழுத்துக்கொள்வது. 2006-இல் இத்தாலி ஆய்வாளர்கள் ஆறு வகை இசையைப் போட்டு, கேட்பவர்களின் மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அளந்தார்கள். அதில் சித்தாரில் வாசித்த இந்திய ராகமும் இருந்தது, பீத்தோவனும் இருந்தது, டெக்னோவும் இருந்தது. வேகமான இசைக்கு மூச்சும் துடிப்பும் ஏறின, மெதுவானதற்கு அவ்வளவு ஏறவில்லை, கேட்பவருக்கு அந்தப் பாணி பிடிக்குமா பிடிக்காதா என்பது பெரிய விஷயமாக இருக்கவில்லை. அதைவிட அழகான முடிவு ஒன்று எதிர்பாராமல் கிடைத்தது: பாட்டுகளுக்கு நடுவே விட்டிருந்த 2 நிமிட மௌனத்தில் உடம்பு, பாட்டு தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடவும் அதிகமாகத் தளர்ந்தது. பாட்டைக் கேட்டுவிட்டு நிறுத்துவதும் கேட்பதில் சேர்த்திதான் என்று நான் இதைப் படித்த அன்றே முடிவுசெய்தேன்.

இரண்டாவது, தொற்றிக்கொள்வது. பக்கத்தில் ஒருவர் தேம்பினால் நமக்கும் கண் கலங்குகிறதே, அதே வேலையைப் பாட்டுக் குரலும், குரலைப் போல இழையும் வயலினும் நாதஸ்வரமும் செய்கின்றன. கரோல் க்ரம்ஹான்சல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997-இல் அளந்து பார்த்தபோது, சோக இசைப் பகுதிகள் இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், தோலின் வெப்பம் இவற்றில் பெரிய மாற்றங்களை உண்டாக்கின, மகிழ்ச்சிப் பகுதிகள் மூச்சில் மாற்றத்தை உண்டாக்கின. ஆக, பாட்டு உண்டாக்குவது வெறும் கற்பனைச் சோகம் என்று தள்ளிவிட முடியாது, உடம்பு நிஜமாகவே பதில் சொல்கிறது.

மூன்றாவது நினைவு. என் விஷயத்தில் நடந்தது முழுக்க இதுதான். அந்தப் பாட்டை வேறொருவர் கேட்டால் நல்ல மெட்டு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்கு அதில் அப்பா ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைத் துடைத்துவைக்கும் துணியின் நிறம் வரைக்கும் இருக்கிறது. இந்த வழி மிகவும் பலமானது, ஏனென்றால் இது பாட்டின் இலக்கணத்தையே கவிழ்த்துப் போட்டுவிடும்: பிரிந்துபோனவரோடு சேர்ந்து ஆடிய துள்ளல் பாட்டு, இன்றைக்குக் கேட்டால் உலகத்திலேயே சோகமான பாட்டு. இளம் வயதில் கேட்ட பாட்டுகளோடு நினைவுகள் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாற்பது வயதுக்காரரை ஒரு பழைய பாட்டு ஏன் நடுரோட்டில் நிறுத்திவிடுகிறது என்று புரியும்.

வார்த்தைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், சினிமாப் பாட்டில் வளர்ந்த நமக்கு இது முக்கியம். 2006-இல் வந்த ஓர் ஆய்வில், சோக மெட்டுக்கு வரிகளைச் சேர்த்தபோது சோகம் கூடியது, ஆனால் மகிழ்ச்சி மெட்டுக்கு வரிகளைச் சேர்த்தபோது மகிழ்ச்சி கொஞ்சம் குறைந்துதான் போனது. அழுகைக்கு வார்த்தை உதவுகிறது, துள்ளலுக்கு மெட்டே போதும்.

அழவைக்கும் பாட்டை ஏன் தேடிப் போகிறோம்

கையைச் சுட்ட அடுப்பை மறுபடி தொடமாட்டோம். அழவைத்த பாட்டை மட்டும் மறுபடி மறுபடி போடுகிறோம்.

பெர்லினில் லியிலா தருஃபி, ஸ்டெஃபான் கோல்ஷ் இருவரும் 2014-இல் பல நாடுகளைச் சேர்ந்த 772 பேரிடம் இதைக் கேட்டார்கள். சோக இசை கேட்கும்போது என்ன தோன்றுகிறது என்ற கேள்விக்கு அதிகம் பேர் சொன்ன பதில் சோகம் என்பதே இல்லை. பழைய நாட்களின் ஏக்கம், அதுதான் முதலில் வந்தது. ஏக்கத்தில் வலியும் இருக்கும், இனிப்பும் இருக்கும். அப்புறம் அவர்கள் சொன்ன காரணங்களில் எனக்கு ஆழமாகப் பட்டது, பாட்டில் வரும் சோகத்துக்கு விலை கிடையாது என்பது. பாட்டில் யாரோ பிரிகிறார்கள், யாரோ இறக்கிறார்கள், நாம் அதற்காக மனதார அழலாம், ஆனால் நாளைக் காலை யாருக்கும் காரியம் செய்ய வேண்டியதில்லை, கடன் அடைக்க வேண்டியதில்லை.

மூளையிலும் இதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. மாண்ட்ரியலில் 2011-இல், தங்களுக்குச் சிலிர்ப்பு உண்டாக்கும் பாட்டுகளைக் கேட்டவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது, நல்ல சாப்பாட்டுக்குச் சுரக்கும் அதே டோபமைன் என்ற மூளை ரசாயனம் சுரந்தது, அதுவும் சிலிர்க்கும் கணத்தில் மட்டும் இல்லாமல், அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும் சுரந்தது. சோகப் பாட்டிலும் அந்த ஓரிடம் வரும்போது புல்லரிக்கும் இன்பம் வேறெங்கோ இருந்து வரவில்லை.

அழுதவருக்கு உடம்பே ஆறுதல் தரும் ஒரு ஹார்மோன், புரோலாக்டின், சோக இசையிலும் சுரக்கலாம், அதனால்தான் இதமாக இருக்கிறது என்று டேவிட் ஹூரன் என்ற ஆய்வாளர் 2011-இல் ஒரு யோசனை சொன்னார். கேட்க மிக அழகான யோசனைதான், இணையத்தில் இன்னும் பலர் இதை உறுதியான உண்மை போலப் பகிர்கிறார்கள். ஆனால் பின்னால் ரத்தத்தில் அளந்து பார்த்த ஆய்வு அதற்குத் துணை நிற்கவில்லை. ஆகவே அதை விட்டுவிடலாம்.

பிறர் துக்கத்தைத் தன் துக்கமாக எடுத்துக்கொள்ளும் மனசுக்காரர்களுக்குச் சோகப் பாட்டு அதிகம் பிடிக்கிறது என்பதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது ஒப்பாரி. சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டு, இறந்தவரை நினைத்து ஒருத்தி எடுத்துப் பாட, பக்கத்தில் இருப்பவள் தன் பழைய இழப்பையும் சேர்த்து அழுவாள். என் பாட்டி எப்போதோ இறந்துபோன தன் அண்ணனை, அப்பாவின் சாவில் பெயர் சொல்லி அழுதார். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. தனியாக அழ முடியாததை ஒரு மெட்டும் பத்துப் பேரும் சேர்ந்து அழவைக்கிறார்கள், பாட்டு முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேலையைப் பார்க்கிறார்கள். அங்கே சோகப் பாட்டுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது, கூட ஆளும் இருக்கிறது. இயர்போனில் ரிப்பீட் போட்டுக் கேட்கும் பாட்டுக்கு இந்த மூன்றுமே இல்லை.

எந்த இடத்தில் திரும்புகிறது

2017-இல் தருஃபியும் குழுவும் இன்னொன்றைக் காட்டினார்கள். மகிழ்ச்சி இசையைவிடச் சோக இசை கேட்கும்போது மனம் அதிகமாக அலைகிறது, அதுவும் உள்நோக்கி, தன்னைப் பற்றிய நினைவுகளுக்குள் அலைகிறது. மூளையில் நாம் சும்மா இருக்கும்போது, நம்மைப் பற்றி யோசிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் அப்போது கூடுதலாக இயங்குகின்றன. இதனால்தான் சோகப் பாட்டு இரண்டு பக்கமும் வெட்டும் கத்தியாக இருக்கிறது. உள்ளே போன மனம் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வெளியே வந்தால் நல்லது, உள்ளேயே ஒரே வட்டத்தில் சுற்றினால் கெடுதல்.

ஒரே கவலையை அசைபோட்டுக்கொண்டே இருக்கும் சுபாவம் சிலருக்கு உண்டு, எனக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் சாண்ட்ரா கரிடோவும் எமரி ஷூபர்ட்டும் செய்த ஆய்வுகள், இப்படிப்பட்டவர்கள் தங்களுக்கு நல்லது செய்யாத நேரத்திலும் சோகப் பாட்டின் பக்கம் சாய்கிறார்கள் என்று சொல்கின்றன. நான் மூன்றாம் மாதத்தில் இருந்த இடம் அதுதான். பாட்டு மாறவில்லை, முதல் மாதம் நான் அதைக் கேட்டுக்கொண்டே அப்பாவை நினைத்தேன், மூன்றாம் மாதம் என் குற்ற உணர்ச்சியை நினைத்தேன். அவ்வளவு வித்தியாசம்தான்.

இதைச் சொன்னதும் மனச்சோர்வில் இருப்பவர் கையிலிருந்து சோகப் பாட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் சோக இசையை அதிகம் தேர்ந்தெடுப்பது ஏன் என்று 2020-இல் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டபோது, அது மனசை அமைதிப்படுத்துகிறது என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில். சோகத்திலேயே கிடக்க வேண்டும் என்று யாரும் அதைத் தேடிப் போகவில்லை.

எனவே நான் எனக்கு வைத்துக்கொண்ட சோதனை எளிமையானது. பாட்டைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. பாட்டு முடிந்து ஐந்து நிமிடம் கழித்து நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் பார்க்கிறேன். மூச்சு இறங்கியிருக்கிறதா, யாரிடமாவது பேசத் தோன்றுகிறதா, பசிக்கிறதா? அப்படியென்றால் அந்தப் பாட்டு இன்றைக்கு நல்லது. மறுபடி முதலிலிருந்து போடத் தோன்றுகிறதா, பழைய மெசேஜைத் திறந்து பார்க்கக் கை போகிறதா? அப்படியென்றால் இன்றைக்கு அது வேண்டாம், பாட்டு எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும்.

துள்ளல் பாட்டுக்கு ஏன் சில சமயம் கோபம் வருகிறது

மகிழ்ச்சிப் பாட்டு மனநிலையை ஏற்றுவது உண்மைதான். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2011-இல் நடந்த ஒரு சோதனையில், மகிழ்ச்சி இசை கேட்டுக்கொண்டிருந்தவர்கள், முகமே காட்டப்படாத மங்கலான திரையில்கூடச் சிரித்த முகத்தைப் பார்த்ததாகச் சொல்லும் அளவுக்குப் போனார்கள், சோக இசை கேட்டவர்களுக்குச் சோக முகம் தெரிந்தது. கண்ணில் விழுவதையே பாட்டு சாயம் பூசிவிடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "நான் சந்தோஷமாகிறேனா, ஆகிறேனா" என்று நிமிடத்துக்கு நிமிடம் தன்னையே பார்த்துக்கொண்டு கேட்டால் அது வேலை செய்வதில்லை. 2003-இல் நடந்த ஒரு சோதனையில், பாட்டு கேட்கும்போது தங்கள் மகிழ்ச்சியை அளந்துகொண்டே இருக்கச் சொன்னவர்களுக்கு மனநிலை குறைந்துதான் போனது. பத்து வருடம் கழித்து மிசௌரி பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி செய்தார்கள்: உற்சாகமான இசையும் வேண்டும், மனநிலையை மாற்றிக்கொள்ளும் விருப்பமும் வேண்டும், இரண்டும் சேர்ந்தபோதுதான் பலன் தெரிந்தது, ஒன்று மட்டும் இருந்தபோது தெரியவில்லை. அம்மாவிடம் அப்போது விருப்பம் எங்கே இருந்தது? விருப்பமெல்லாம் என்னுடையது.

இசைச் சிகிச்சை செய்பவர்களுக்கு இது 1940-களிலேயே தெரிந்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் சொன்ன வழி இது: நோயாளி இப்போது எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீ கொண்டுபோக நினைக்கும் இடத்துக்கு இசையை நகர்த்து. அழுதுகொண்டிருப்பவர் பக்கத்தில் போய் முதலில் சும்மா உட்காருவோமே, தோளில் கை வைப்போமே, அரை மணி நேரம் கழித்துத்தான் "ஒரு காபி குடிக்கிறீங்களா" என்போமே, அதே முறைதான்.

நீங்களும் செய்து பார்க்கலாம். மனசு சரியில்லாத நாளுக்கு ஒரு பிளேலிஸ்ட், ஆறேழு பாட்டு போதும். முதல் பாட்டு நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மெதுவாக, பாரமாக. இரண்டாவது அதே மெதுவில், ஆனால் வரிகள் இல்லாத வாத்திய இசை, அசைபோட வார்த்தை கிடைக்காது. அடுத்தடுத்து கால்வாசி கால்வாசியாக வேகத்தைக் கூட்டுங்கள், கடைசிப் பாட்டுக்குக் கால் தானாகத் தட்டினால் போதும், ஆட்டம் போட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ரிப்பீட் பட்டனை மட்டும் அணைத்துவிடுங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் எதுவும் போடாமல் இருங்கள், இத்தாலிக்காரர்கள் கண்டது நினைவிருக்கட்டும். ஒருவேளை உங்களுக்கு இசையே எதுவும் செய்வதில்லை என்றால் அதிலும் குறையில்லை, காதும் மற்ற இன்பங்களும் சரியாக இருந்தும் இசையில் மட்டும் இன்பம் வராத மனிதர்கள் உண்டு என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியிருக்கிறார்கள்.

பாட்டால் முடியாத இடமும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பு இல்லாமல், இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறதென்றால் பிளேலிஸ்ட்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு டாக்டரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நான் நான்காம் மாதம் ஒரு ஆலோசகரிடம் போனேன், போனதில் எனக்கு ஒரு தயக்கமும் இப்போது இல்லை.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா இன்னும் வெங்காயம் நறுக்கும்போது அதே பாட்டைத்தான் பாடுகிறார், பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகும்போது வழக்கம்போல வார்த்தை மறந்துபோகும், வெறும் மெட்டை மட்டும் இழுத்துக்கொண்டு போவார். ஊருக்குப் போயிருக்கும் நாட்களில், ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தால், நான் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.